நிறுத்தி வைத்த கேம்பர் டிரெய்லர்: குமரி மாவட்டத்து வெயில், மழை, உப்புக்காற்றுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

குமரி மாவட்டத்தில் கேம்பர் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி, வைத்திருப்பவர்கள் அதை இழுத்துக்கொண்டு வெளியே போகும் நாட்கள் குறைவு. ஓணம், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை என்று வருடத்தில் சில தடவை கிளம்பும். மீதி நாளெல்லாம் வீட்டு முற்றத்திலோ விளையிலோ நிற்கும். அப்படிச் சும்மா நிற்கிற வண்டிதான் இங்கே சீக்கிரம் கெடுகிறது.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மேற்குப் பக்கம் இடவப்பாதி என்று சொல்கிற ஜூன் மழை ஓய்ந்து மரச்சாமான் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். முட்டம், குளச்சல், ராஜாக்கமங்கலம் பக்கம் என்றால் உப்பு. குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரமும் சருகும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கணவாய்க் காற்றும் காய்ச்சல் வெயிலும். அதனால் ஒரு ஊர்க்காரர் சொன்ன வைத்தியம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

பெரும்பாலானவர்கள் வெயிலுக்குப் பயந்து வண்டியை இறுக்கிப் போர்த்தி வைக்கிறார்கள். நான் பார்த்தவரை இங்கே வண்டியை அழிப்பது உள்ளே சிக்கிக்கொண்ட ஈரம்தான். மேலே நிழல் இருக்க வேண்டும், சுற்றிலும் காற்று ஓட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். மழைநீர் ஒழுக்கு பற்றிய பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

கதவைத் திறந்ததும் முடை நாற்றம், மெத்தையில் கரும்புள்ளி

பூசணம் பிடித்திருக்கிறது. முதலில் அது எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். மெத்தைக்கு அடியில், அலமாரியின் பின்சுவரில், திரைச்சீலை மடிப்பில் மட்டும் என்றால் காற்றோட்டம் போதவில்லை. கூரை மூலையிலோ ஜன்னலுக்குக் கீழேயோ ஒரே இடத்தில் கொத்தாக இருந்தால் அது ஒழுக்கு. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

காற்றோட்டக் குறைவு என்றால் மெத்தையைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். அலமாரி, இழுப்பறை எல்லாம் திறந்தே இருக்கட்டும். ஃபிரிட்ஜ் கதவு மூடாமலிருக்க நடுவில் ஒரு துண்டுத் துணியைச் சொருகுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் முழுக்க வடித்துவிடுங்கள். இதெல்லாம் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால் ஜன்னலை எந்த நேரத்தில் திறக்கிறீர்கள் என்று யோசியுங்கள். மாலையில் வேலை முடிந்து வந்து திறந்து வைப்பது பலருக்கும் வழக்கம். வெயில் சாயச் சாயக் காற்றின் ஈரப்பதம் ஏறும், அந்த ஈரம்தான் உள்ளே போகும். மழையில்லாத நாளில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை திறந்து, பிறகு மூடினால் வித்தியாசம் தெரியும். கூரை வென்ட்டில், அதாவது காற்றுப்போக்கியில், சோலாரில் ஓடும் சின்ன ஃபேன் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது.

ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை வாங்கி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வென்ட் திறந்திருக்கும்போது அது ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கும், வண்டி காயாது. அடைமழை நாட்களில் எல்லாவற்றையும் மூடிவிட்டு அதை வையுங்கள். மழை விட்டதும் டப்பாவை எடுத்துவிட்டு வண்டியைத் திறங்கள்.

பிடித்த பூசணத்தைத் துடைக்க வெள்ளை வினிகர் போதும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைசலையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கேம்பர் போன்ற சின்ன அறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. பிளைவுட்டை விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா? அதைத் துடைத்துப் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து மாற்ற வேண்டும்.

கூரை ஓரத்தில் மஞ்சள் கறை, சுவரில் உப்பல்

கேம்பருக்கு இதைவிடப் பெரிய நோய் கிடையாது. மற்ற எதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இதைக் கண்டால் அன்றே கவனியுங்கள்.

கறை தெரியும் இடத்தில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. கூரையில் வென்ட்டின் ஓரமாக இறங்கிய தண்ணீர் உள்ளே மரச்சட்டத்தின் மேல் ஓடி, சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய்ச் சொட்டும். அதனால் கறைக்கு நேர் மேலே சீலன்ட்டை, அதாவது இடுக்கு அடைக்கும் பசையை, அள்ளிப் பூசிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒழுக்கைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹோஸ் தண்ணீர். கீழிருந்து மேலாகப் போக வேண்டும். முதலில் சுவரின் அடிப்பகுதி, அடுத்து ஜன்னல், அப்புறம் கூரை ஓரம், கடைசியில் வென்ட். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்றே தெரியாது. இரண்டாவது வழி, கூரை வென்ட்டில் ஒரு புளோவரைப் பொருத்தி, மற்ற திறப்புகளை டேப் போட்டு ஒட்டிவிட்டு, உள்ளே மெதுவாகக் காற்றை ஏற்றி வெளியே சோப்புத் தண்ணீர் தடவுவது. குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கொஞ்சம் வேலைதான், ஆனால் தப்பாது.

சரி, ஓட்டை கிடைத்துவிட்டது. இங்கேதான் பட்டறையில் ‘சிலிக்கான் அடிச்சா போதும் அண்ணே’ என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வெயிலில் கூரைத் தகடு விரிந்து சுருங்கும்போது சாதா சிலிக்கான் ஓரத்திலிருந்து விட்டுவரும். ரப்பர் படலக் கூரையில் அது சரியாகப் பிடிப்பதும் இல்லை. அதைவிட மோசம், அது விட்டுப்போகும் மெல்லிய படலத்தின் மேல் அடுத்து எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. பழையதை பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்துவிட்டு, வென்ட்டோ ஜன்னலோ அதன் விளிம்புக்கு அடியில் பியூடைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து, திருகை முடுக்கி, மேலே கூரைக்கென்று வரும் தானாகப் பரவும் சீலன்ட்டை ஊற்ற வேண்டும். சுவரில் செங்குத்தான இணைப்புகளுக்கு வழியாத ரகம் தனியாக உண்டு. ரப்பர் கூரையைத் துடைக்கப் பெட்ரோலோ தின்னரோ எடுக்காதீர்கள், ரப்பர் உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். உள்ளே மரம் ஈரமாக இருக்கும்போது வெளியே அடைத்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை இங்கே மழை குறைவு, அதுதான் ஏற்ற காலம். அதுவரை அந்த இடத்தின் மேல் மட்டும் தற்காலிகமாக ஒரு மறைப்புப் போட்டு, உள்ளே பலகையைத் திறந்து காய விடுங்கள்.

சுவர் வெளியே உப்பி நிற்கிறது என்றால் பைபர் தகடும் உள்ளே உள்ள பிளைவுட்டும் பிரிந்துவிட்டன. விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். மந்தமான பகுதியைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அடுத்த மாதம் கோடு தாண்டியிருந்தால் ஒழுக்கு இன்னும் ஓடுகிறது. உள்ளங்கை அளவு என்றால் ஒழுக்கை நிறுத்தி நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்ஸி செலுத்திப் பலகை வைத்து அழுத்தி ஒட்டலாம். அதற்கு மேல் போனால் பாடி கட்டும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, வண்டியை மட்டமாக நிறுத்தாதீர்கள். கூரையில் தண்ணீர் தேங்காதபடி முன்பக்க ஜாக்கியை ஏற்றியோ இறக்கியோ லேசான சாய்வு கொடுங்கள். ரப்பர் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிரும் காலத்தில் கூரை ஓரத்துக் கால்வாயை அடிக்கடி வாரிவிட வேண்டும். சருகு அடைத்த கால்வாயில் தண்ணீர் நின்று சீலன்ட்டை ஊறவைக்கும்.

வெளிப்பூச்சைத் தொட்டால் விரலில் வெள்ளை மாவு

வெயில் தின்ற அடையாளம் இது. இங்கே வெயில் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் எதை மறைக்க வேண்டும் என்பதும் தெரியும். நம் மாவட்டம் வட அட்சரேகை 8 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்து வரும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து வரும், டிசம்பரில்தான் நன்றாகச் சாயும். ஆக வருடம் முழுவதும் அடி வாங்குவது கூரைதான். அடுத்தது கிழக்கு, மேற்குப் பக்கங்கள். இடம் இருந்தால் வண்டியைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் நிறுத்துங்கள். காலை, மாலை வெயிலுக்குச் சின்ன முகப்புகள் மட்டும் காட்டினால் போதும், நீளச் சுவர் இரண்டும் தப்பிக்கும்.

மாவு லேசாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ரப்பிங் கம்பவுண்டு போட்டுத் தேய்த்து, மேலே மெழுகு பாலிஷ் கொடுங்கள். பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு தடவை மெழுகு போட்டுவந்தால் மறுபடி எளிதில் மாவு பூக்காது. தேய்த்தும் பளபளப்பு வராமல் நார் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். பைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் தேய்ந்துவிட்டது, இனி பெயின்ட்தான். அப்போது கூரைக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் யோசிக்க வேண்டாம்.

அக்ரிலிக் ஜன்னல் மங்கியோ உள்ளே மயிரிழை வெடிப்பு விட்டோ இருந்தால் கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் ஸ்பிரிட்டையும் தூர வையுங்கள். அவை வெடிப்பை இன்னும் இழுக்கும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். உள்பக்கத் திரையை முழுக்க இறக்கி வைத்தால் திரைக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் வெப்பம் தேங்கி ஜன்னல் வளையும். பாதி திறந்திருக்கட்டும். மறைக்க வேண்டுமென்றால் வெளியே மறையுங்கள்.

தார்ப்பாய் கிழிகிறது, கிழியாத இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கிறது

நீலத் தார்ப்பாயை வண்டி மேல் போர்த்திக் கயிறு கட்டுவது விலை குறைந்த வழி போலத் தோன்றும். காற்றில் அது படபடவென்று அடிக்கும்போது இடையில் இருக்கும் மணலும் தூசியும் உப்புத்தாள் போலப் பெயின்ட்டை அறுத்துவிடும். இரவில் பாயின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சீலன்ட்டிலும் திருகிலும் உட்காரும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அங்கே போர்வை என்ற பேச்சே வேண்டாம். காற்று புகும் துணியில் தைத்த உறை கிடைத்தால், மரங்கள் சூழ்ந்த உள்நாட்டுப் பகுதியில் மட்டும், கழுவிய வண்டி மேல் போடலாம்.

நான் சொல்வது நான்கு புறமும் திறந்த கொட்டகை. ஜிஐ பைப் கால்களைக் குழி தோண்டிக் கான்கிரீட்டில் நட்டு, வண்டிக் கூரைக்கும் கொட்டகைக் கூரைக்கும் நடுவில் இரண்டு அடியாவது இடைவெளி விட்டு, சாய்வாகக் கூரை போடுங்கள். தகரம் போட்டால் மழையும் நிற்கும். ஆனால் தாழ்வாகப் போட்ட தகரம் சூட்டை அப்படியே கீழே இறக்கும், அதற்காகத்தான் அந்த இடைவெளி. கடலோரத்தில் துருப்பிடிக்கும் ஆணிகளைத் தவிர்த்து, ரப்பர் வாஷர் உள்ள திருகுகளால் முடுக்குங்கள். தகரத்துக்குச் செலவு கட்டவில்லை என்றால் 75 சதவீத நிழல்வலை போதும். மழை உள்ளே விழும், ஆனால் வெயில் பெருமளவு குறையும், காற்று ஊடே போய்விடும், வண்டி சீக்கிரம் காயும். கிடுகுப் பந்தல் குளுமையானதுதான். எலியும் தீயும் அதோடு சேர்ந்து வரும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தென்னை மூட்டில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு தேங்காய் போதும், வென்ட் மூடி நொறுங்கும். அன்றிரவு மழை பெய்தால் காலையில் மெத்தை மிதக்கும்.

திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி, சேஸிஸில் துரு

அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகு போட்டிருந்தால், உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவில் மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைப் பொடியும், பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளமும் அதன் அடையாளம். திருகைக் கழற்றி, பொடியைச் சுரண்டி, கடலோரம் என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகை நைலான் வாஷரோடு, சீலன்ட்டில் தோய்த்துப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் அங்கேயும் அரிப்பு வரும். அதனால் வாஷரை விட்டுவிட வேண்டாம்.

மழையே இல்லாத மாதத்திலும் கடற்கரை வண்டி துருப்பிடிப்பது ஏன் என்று கேட்பார்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே படிந்த உப்பு தானாக நீரை இழுத்து நனைந்துவிடும். இரும்பைப் பொறுத்தவரை அது மழை பெய்ததற்குச் சமம். அதனால் உப்பைக் கழுவி எடுப்பதுதான் மருந்து. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். கடலை ஒட்டிய பல வீடுகளில் போர்த் தண்ணீரே உப்புக் கரிக்கும். வாயில் விட்டால் கரிக்கிற தண்ணீரால் சேஸிஸைக் கழுவாதீர்கள். மழைநீர்த் தொட்டியோ குடிநீர்க் குழாயோ இருந்தால் அது நல்லது.

துரு மேலோட்டமாக இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, துத்தநாகம் அதிகமுள்ள பிரைமர் அடித்து, எபாக்ஸி பெயின்ட் கொடுங்கள். பெட்டிச் சட்டங்களின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள், மண் அடைத்தால் சட்டம் உள்ளிருந்தே அரித்துப்போகும். பழைய இன்ஜின் ஆயிலைச் சேஸிஸில் அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், சொட்டிச் சொட்டி மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும். விட்டுவிடுங்கள்.

சக்கரம் சுழல மறுக்கிறது, டயரில் கீறல்

ஹேண்ட் பிரேக் போட்டபடியே மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் பிரேக் லைனிங் துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். காரை மாட்டி வேகமாக இழுத்தால் லைனிங் பிய்ந்து வரும். பிரேக்கை விடுவித்து, டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் அளவாகத் தட்டி, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். இனிமேல் நிறுத்தும்போது பிரேக் வேண்டாம், சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். மாதம் ஒரு தடவை சக்கரத்தை அரைச் சுற்று உருட்டினால் பேரிங் கிரீஸும் பரவும், டயரும் ஒரே இடத்தில் தட்டையாகாது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். நிற்கும் வண்டியின் டயர் தேயாமலே மூப்படையும். பக்கச்சுவரில் விரல் நகம் இறங்குகிற அளவுக்குக் கீறல் இருந்தாலோ, செய்து ஆறேழு வருடம் ஆகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். வெள்ளைத் துணியால் டயரை மறைத்து வையுங்கள், டயர் பாலிஷ் வேண்டாம்.

லைட் எரியவில்லை

பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள், 12க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் ஈய அமில பேட்டரி திரும்பாது. கேஸ் அலாரம், ஸ்டீரியோ போன்றவை அணைத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சோலார் பலகை வண்டிக் கூரையில் இருந்தால் கொட்டகை நிழலில் அது வேலை செய்யாது, கொட்டகை மேல் மாற்றி வைக்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும் பின்விளக்கு எரியவில்லை என்றால் காரோடு இணைக்கும் பிளக்கைத் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவி, பிளக்கின் வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள்.

அடியில் மண் தடம், வென்ட்டில் கூடு

ஜாக்கிக்கு அடியில் மரக்கட்டை வைத்தால் கறையான் அதன் வழியாகவே பிளைவுட் தரைக்கு ஏறும். கருங்கல் பலகையோ சிமென்ட் பிளாக்கோ வையுங்கள். ஃபிரிட்ஜின் கேஸ் பர்னர் குழாயில் குளவி மண்கூடு கட்டும். அடைத்த குழாயோடு பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு நிறமும் மணமும் கிடையாது. வெளி வென்ட்டுகளுக்கு ஸ்டெயின்லெஸ் வலை அடித்துவிடுங்கள், வெளியூர் கிளம்புமுன் அந்தக் குழாயை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒயர் நுழையும் துளைகளில் இரும்பு நார் திணித்தால் எலி வராது.

புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்தில் தென்னையும் ரப்பரும் வாழையும் எப்படிச் சாய்ந்தன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்தால் நிழல்வலையை உடனே கழற்றிச் சுருட்டுங்கள், பெருங்காற்றில் அது பாய்மரமாகிக் கொட்டகையையே பிடுங்கும். வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் சுருட்டுப் பந்தலை (ஆனிங்) சுருட்டிப் பூட்டுங்கள். சிலிண்டரைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மரம் விழாத இடத்தில், முடிந்தால் வீட்டுச் சுவரின் மறைவில், வண்டியைத் தள்ளி நிறுத்தி, நான்கு ஜாக்கியும் இறக்கி, கான்கிரீட்டில் பதித்த வளையங்களோடு சேஸிஸைப் பட்டையால் கட்டுங்கள். பாடியைச் சுற்றிக் கயிறு போட்டால் தகடு நசுங்கும்.

காற்று அடங்கியதும் முதலில் அறுந்த மின்கம்பி எங்காவது வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். தொட்டிருந்தால் மின்வாரியத்தைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை கிட்டே போக வேண்டாம். இல்லையென்றால் ஏணியில் நின்றபடி கூரையைப் பாருங்கள், நனைந்த கூரை மேல் ஏறாதீர்கள். வென்ட் மூடி, கூரை ஓரச் சீலன்ட், ஜன்னல் விளிம்பு மூன்றையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் மெத்தைக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் கையால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று சோதியுங்கள். இருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுக் காய வையுங்கள்.